தோல்வியின் விலை: குழுப்போர்க் கணினி விளையாட்டுகளின் வரலாறு

போர் விளையாட்டு மனித இனத்தின் பழைய பழக்கங்களுள் ஒன்று. உண்மைப் போரில் தோற்றவன் மீண்டும் களங்காண்பது அரிது. விளையாட்டுப் போரிலோ தோற்றவன் காய்களை மறுபடி அடுக்கிவைத்து அன்றே மற்றோர் ஆட்டம் ஆடலாம். ஆகவே போரின் படிப்பினையைப் போரின் இழப்பின்றிப் பெறுவதற்கு விளையாட்டு ஒரு வழியாயிற்று. ஆயினும் இங்கே இரண்டு வினாக்கள் எழுகின்றன. இழப்பே இல்லாத தோல்வி எதையேனும் கற்பிக்குமா? இழப்பு மிகுந்த தோல்வி கற்க வந்தவனை ஓட்டிவிடாதா? இவ்விரு வினாக்களையும் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாகச் சோதித்துவரும் ஒரு களம் உண்டு. அது கணினித் திரையில் ஆடப்படும் குழுப்போர் விளையாட்டு.

இவ்விளையாட்டை அறியாதார்க்குச் சிறு விளக்கம் தேவை. ஆடுபவர் பெரும்பாலும் ஒருவரே. ஆனால் அவர் நடத்திச் செல்வது ஒரு குழு. நால்வரோ அறுவரோ கொண்ட அக்குழுவில் வாளேந்திய வீரன், மந்திரவாதி, காயம் ஆற்றும் சமயகுரு, பூட்டுத் திறக்கவும் பொறி அகற்றவும் வல்ல கள்வன் என ஒவ்வொருவர்க்கும் ஒரு தொழில் உண்டு. கற்பனை நாடொன்றின் நிலவறைகளிலும் காடுகளிலும் இக்குழு பூதங்களையும் டிராகன்களையும் எதிர்த்து நிற்கும். ஒவ்வொருவர்க்கும் இத்தனை உயிர்ப்புள்ளிகள் என்று கணக்கு இருக்கும், அடிபடுந்தோறும் அவை குறையும், தீர்ந்தால் சாவு. வென்றால் அனுபவப் புள்ளிகள் சேரும். அவை சேரச்சேர வீரர்கள் மேல்நிலைக்கு உயர்வர். இவ்வாறு செல்லும் வழியில், வெல்லவே முடியாது எனத் தோன்றும் ஒரு போர் வந்து குறுக்கே நிற்பதுண்டு. அவ்விடத்தில் மனம் சலித்து ஆட்டத்தைக் கைவிட்டோர் பலர்; சமாளித்துக் கடந்தோரும் பலர். கடந்தவர்கள் எவ்வாறு கடந்தனர் என்பதையும், ஆட்டத்தை அமைத்தவர்கள் தோல்விக்கு என்ன விலை வைத்தனர் என்பதையும் சேர்த்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

படைப்பயிற்சியிலிருந்து நிலவறைக்கு

பல திறத்தாரை ஒன்றுகூட்டிப் போரிடும் எண்ணம் இந்திய நாட்டில் தோன்றிய சதுரங்கத்திலேயே உள்ளது. சதுரங்கம் என்னும் சொல்லே நான்கு அங்கங்கள் எனப் பொருள்படும். யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையும் அதில் உண்டு. ஒவ்வொன்றும் தனக்குரிய முறையில் நகரும். எனினும் இன்று ஆடப்படும் சதுரங்கத்தில் தற்செயலுக்கு இடமில்லை. எதிரியின் காய்கள் யாவும் கண்முன்னே நிற்கும். உண்மைப் போர் அத்தகையதன்று என்பதைப் படைத்தலைவர் எவரும் அறிவர்.

அக்குறையை நீக்க முயன்றவர் பிரஷ்ய நாட்டுப் படை அதிகாரியான ரைஸ்விட்ஸ். தம் தந்தையார் தொடங்கிய விளையாட்டைத் திருத்தி அவர் 1824-ஆம் ஆண்டில் விதிகளை வெளியிட்டார். எட்டாயிரத்தில் ஒரு பங்காகச் சுருக்கி வரைந்த நிலப்படத்தின்மீது அது ஆடப்பட்டது. சேதம் எவ்வளவு என்பதைப் பகடை தீர்மானித்தது. நடுவர் ஒருவர் இருந்தார்; எதிரிப் படையில் கண்ணுக்குத் தெரியக்கூடிய பகுதியை மட்டுமே அவர் படத்தின்மேல் வைப்பார். அரைகுறை அறிவோடு முடிவெடுக்கும் பயிற்சி இவ்வாறு பிறந்தது. பின்னர் 1913-இல் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் பொம்மைப் போர்வீரர்களைக் கொண்டு ஆடும் விதிகளை நூலாக எழுதி, அதனை வீட்டுப் பொழுதுபோக்காக ஆக்கினார்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்பவர் 1969-இல் ஒரு புதுமை செய்தார். படை முழுவதையும் ஆளுவதற்குப் பதிலாக, ஆடுவோர் ஒவ்வொருவர்க்கும் ஓர் ஊரிலுள்ள தனியாளின் பாத்திரத்தைக் கொடுத்தார். அவ்வட்டாரத்தைச் சேர்ந்த டேவ் ஆர்னசன் அதனை மந்திரமும் பூதமும் நிறைந்த கற்பனை நாட்டுக்குக் கொண்டுசென்றார். விஸ்கான்சின் மாநிலத்தில் கேரி கைகாக்ஸ், ஜெப் பெரன் இருவரும் 1971-இல் வெளியிட்ட இடைக்காலப் போர் விதிகள் அவருக்கு உதவின. ஆனால் அவ்விதிகளின்படி ஓர் அடி சரியாக விழுந்தால் வீரன் மாண்டான். பூதத்தை ஓரடியில் கொல்வதை வரவேற்ற நண்பர்கள், தாங்கள் ஓரடியில் மாள்வதை விரும்பவில்லை என்று ஆர்னசன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். ஆகவே முன்பு கவசக் கப்பல் போர் விளையாட்டொன்றுக்குப் பயன்படுத்திய கணக்கை அவர் மனிதருக்கும் கொண்டுவந்தார். உயிர்ப்புள்ளி இவ்வாறு வந்தது. தோல்வியின் விலையைக் குறைக்க எடுத்த முதல் நடவடிக்கை இதுவே எனலாம். வீரன் இனி அடிபட்டும் உயிரோடிருப்பான். அவ்விடைவேளையில் நிற்பதா ஓடுவதா என்று எண்ணிப்பார்க்க அவனுக்கு அவகாசம் கிடைத்தது.

கைகாக்சும் ஆர்னசனும் சேர்ந்து 1974-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் விளையாட்டை வெளியிட்டனர். முதற்பதிப்பு ஆயிரம் பெட்டிகளே. போர்வீரன், மந்திரவாதி, சமயகுரு என்னும் மூன்று தொழில்களே அதில் இருந்தன. கள்வன் அடுத்த ஆண்டு வந்த துணைநூலில் சேர்ந்தான். ஆடுவோர் ஒருவரையொருவர் எதிர்க்காமல் யாவரும் ஒரே பக்கம் நின்றது இதன் சிறப்பு. வீரனிடம் வலிமை உண்டு, மந்திரம் இல்லை. மந்திரவாதியிடம் மந்திரம் உண்டு, கவசம் இல்லை. ஒருவன் குறையை மற்றவன் நிரப்பினாலன்றிக் குழு பிழைக்காது.

அவ்விதிநூலில் பின்வாங்குவதற்கும் தனியே விதிகள் இருந்தன என்பது குறிப்பிடத்தக்கது. துரத்திவரும் அறிவற்ற விலங்கின் முன் உணவை எறிந்தால் அது நின்றுவிட வாய்ப்புண்டு. அறிவுள்ள பகைவனாயின் பொருளை எறிந்து தப்பலாம். வெல்ல முடியாத போரை விட்டு ஓடுவது ஆட்டத்தில் ஒரு பகுதியே என்று முதல் நூலே ஒப்புக்கொண்டது. பின்வந்தோர் பலர் இதனை மறந்தனர்.

பாடம் கற்பிக்கும் கணினியில்

தாளிலும் பகடையிலும் ஆடிய ஆட்டம் கணினிக்குள் புகுந்த இடம் ஒரு கல்விக்கூடமாகும். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1960 முதல் வளர்ந்த பிளேட்டோ என்னும் கணினி அமைப்பு மாணவர்க்குப் பாடம் கற்பிப்பதற்கென்றே உருவானது. பல முனையங்கள் ஒரே கணினியோடு இணைக்கப்பட்டிருந்தன. 1975-இல் ரஸ்டி ரதர்போர்டு என்பவர் அதில் ஒரு நிலவறை ஆட்டத்தை எழுதினார். பாடத்திற்கு ஒதுக்கிய இடத்தில் ஆட்டம் இருப்பது வெளிப்படாதபடி அதற்குப் பொருளற்ற ஒரு கோப்புப் பெயரே வைத்திருந்தார். நிருவாகத்தார் கண்டபோது அழித்தனர். அது மீண்டும் தோன்றியது. 1977-இல் ஜிம் ஷ்வைகர் முதலியோர் ஆக்கிய ஊப்லியட் என்னும் ஆட்டத்தில், வெவ்வேறு முனையங்களில் அமர்ந்திருந்தோர் ஒரே குழுவாகச் சேர்ந்து இறங்கினர். தனியே இறங்கியவன் விரைவில் மாண்டான். கூட்டுறவின் தேவையை அவ்வாட்டம் சொல்லிக் காட்டாமல் பட்டுணரச் செய்தது.

விசார்ட்ரி: தட்டில் பதிந்த சாவு

கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களான ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் உட்ஹெட் இருவரும் ஆக்கிய விசார்ட்ரி 1981-இல் ஆப்பிள் 2 கணினிக்கு வெளிவந்தது. உட்ஹெட் பிளேட்டோவில் பழகியவர். விசார்ட்ரிக்கும் ஊப்லியட்டுக்கும் ஒற்றுமைகள் பல. பலர் கூடி ஆடியதை ஒருவரே ஆறு பேரை நடத்தி ஆடும்படி இது மாற்றியது. மூவர் முன்வரிசை, மூவர் பின்வரிசை. முன்வரிசையார் வாளால் அடிப்பர், அடியும் தாங்குவர். பின்வரிசையில் மந்திரவாதியும் கள்வனும் ஒதுங்கி நிற்பர். இருபதுக்கு இருபது கட்டங்கள் கொண்ட பத்து அடுக்கு நிலவறையைத் திரை காட்டாது. கட்டம் போட்ட தாளில் ஆடுபவரே வரைந்துகொள்ள வேண்டும்.

இவ்வாட்டத்தில் தோல்வியின் விலை மிகப் பெரிது. நிலவறையில் நடப்பது உடனுக்குடன் காந்தத் தட்டில் பதிந்துவிடும். குழு முழுதும் மாண்டால் உடல்கள் அவ்விடத்திலேயே கிடக்கும். வேறொரு குழுவை முதலிலிருந்து வளர்த்து, அவ்விடம் வரை அனுப்பி, உடல்களைத் தூக்கிவர வேண்டும். கோயிலில் பொருள் கொடுத்து உயிர்ப்பிக்க முயலலாம். அம்முயற்சி தவறினால் உடல் சாம்பலாகும். சாம்பலிலிருந்து எழுப்பும் முயற்சியும் தவறினால் அவ்வீரன் பெயர் பட்டியலிலிருந்தே மறையும். பல வாரங்கள் பாடுபட்டு வளர்த்த வீரன் ஒரு நொடியில் இல்லாமற்போவான். சிலர் சாவு பதிவதற்குள் தட்டை வெளியே இழுத்தனர். சிலர் முன்கூட்டியே தட்டைப் படியெடுத்து வைத்துக்கொண்டனர். விலை தாங்க முடியாததாக இருந்தால் மக்கள் விதியை மீறியேனும் அதனைக் குறைத்துக்கொள்வர் என்பதற்கு இஃது ஒரு சான்று.

நேர்வழியில் ஆடியவர்கள் மிகுந்த முன்யோசனை உடையவர்களாயினர். தொடக்கநிலை மந்திரவாதிக்கு இரண்டே மந்திரங்கள். அவற்றை நெருப்பு எறிவதில் செலவிட்டால் ஒரு பகைவன் சாகக்கூடும். உறக்க மந்திரமாகச் செலவிட்டால் கூட்டம் முழுவதும் உறங்கக்கூடும். பகைவரைக் கொல்வதைவிடச் செயலற்றவராக்குவது சிறந்தது என்று இதனால் உணர்ந்தனர். மந்திரம் தீர்ந்தவுடன் ஆசை காட்டி அழைக்கும் அடுத்த கதவைத் திறவாமல் திரும்பினர். விடுதியில் நல்ல அறையில் தங்கினால் காயம் ஆறும். ஆனால் பொன்னும் காலமும் செலவாகும். குதிரைக் கொட்டிலில் படுத்தால் செலவில்லை. மந்திரங்கள் மட்டும் மீளும். ஆகவே சமயகுருவின் மந்திரத்தால் காயங்களை ஆற்றிவிட்டு, கொட்டிலில் படுத்து மந்திரத்தை மீட்டு, மறுபடியும் காயம் ஆற்றும் சிக்கன முறையைக் கண்டுபிடித்தனர். முதல் அடுக்கிலேயே ஓரிடத்தில் அதிகத் தீங்கு செய்யாத ஓர் ஆவி உண்டு. அதனோடு மீண்டும் மீண்டும் போரிட்டு அனுபவப் புள்ளி சேர்த்தவர் பலர். விலையுயர்ந்த தோல்வி அவர்களுக்குக் கற்பித்தது எச்சரிக்கை, சிக்கனம், பின்வாங்கும் துணிவு என்னும் மூன்றுமாகும்.

ஆனால் அக்கல்விக்கு ஒரு குறையும் இருந்தது. தோற்பதற்கு அஞ்சியவன் புதிய வழியை முயன்று பார்க்கமாட்டான். ஒருமுறை பலித்த முறையையே பிடித்துக்கொள்வான்.

ஜப்பானில் பாதிப் பொன்

விசார்ட்ரியைக் கண்டு மகிழ்ந்தவர்களுள் ஜப்பானியரான யூஜி ஹோரி ஒருவர். அவர் வடிவமைத்து 1986-ஆம் ஆண்டு மே மாதத்தில் எனிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட டிராகன் குவெஸ்ட், வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் கருவிக்கானது. சிறுவர் பலர் அதன் ஆடுநர். அவர்களுக்கு விசார்ட்ரியின் விலை பொருந்தாது என்பதை ஹோரி உணர்ந்தார். தோற்றவன் அரசன் முன்னிலையில் மீண்டும் கண்விழிப்பான். கையிலிருந்த பொன்னில் பாதி போயிருக்கும். ஆனால் ஈட்டிய அனுபவம் ஒரு புள்ளியும் குறையாது. பொருள் போகலாம், கற்றது போகாது என்பதே இவ்விதியின் கருத்து. பொறுமையுள்ளவர் எவரும் சிறுசிறு போர்களால் வலிமை பெற்று இறுதியைக் காண இயன்றது.

முதல் ஆட்டத்தில் வீரன் ஒருவனே. 1987 ஜனவரியில் வந்த இரண்டாம் பாகத்தில் மூவர் குழு அமைந்தது: மந்திரமே அறியாத இளவரசன், வாளும் மந்திரமும் ஓரளவு அறிந்த இளவரசன், மந்திரம் மட்டுமே அறிந்த இளவரசி. அக்காலத்தில் ஆட்டத்தைச் சேமிக்க வழியில்லை. ஆட்டத்தின் நிலையைக் குறிக்கும் நீண்ட எழுத்துக் கோவையைத் திரை காட்டும். அதனைத் தாளில் எழுதிவைத்து மறுநாள் அப்படியே உள்ளிட வேண்டும். இரண்டாம் பாகத்தில் அக்கோவை ஐம்பத்திரண்டு எழுத்துவரை நீண்டது. ஓரெழுத்துப் பிழையாயின் உழைப்பெல்லாம் வீண். 1988-இல் வந்த மூன்றாம் பாகம் மின்கலத்தின் துணையால் பேழையிலேயே சேமிக்கும் வசதியைத் தந்தது. நால்வர் குழுவில் தலைவன் நீங்கலாக மற்ற மூவரையும் ஆடுபவரே தேர்ந்தமைக்கலாம்.

1987 டிசம்பரில் ஸ்குவேர் நிறுவனத்துக்காக ஹிரோனொபு சகாகுச்சி ஆக்கிய பைனல் பாண்டசியிலும் நால்வர் குழுவே. அதன் முதற்பதிப்பில் ஒரு கடுமை இருந்தது. நால்வர்க்கும் கட்டளையை முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். முதல்வன் அடியிலேயே பகைவன் மாண்டால், அதே பகைவனைக் குறிவைத்த மற்றவர் அடி வீணாகும். ஆகவே எத்தனை அடியில் எவன் சாவான் என்று கணக்கிட்டுக் கட்டளையிடும் பழக்கம் உண்டாயிற்று.

நிறுத்தி எண்ணும் போர்

அமெரிக்காவில் 1988-இல் வந்த பூல் ஆப் ரேடியன்ஸ், போரைக் கட்டமிட்ட களத்தில் நடத்தியது. இங்கே இடம் பெருமை பெற்றது. வாயிலில் இருவரை நிறுத்தினால் பெருங்கூட்டமும் இருவர் இருவராகவே வரமுடியும். நெருப்புருண்டை மந்திரம் பகைவரோடு தன்னவரையும் சுடும். எறியுமுன் தன்னவர் எங்கு நிற்கின்றனர் என்று பார்க்க வேண்டும். உறங்கும் பகைவனை ஓரடியில் வீழ்த்தலாம். வெட்டுண்டும் மீண்டெழும் டிரோல் என்னும் அரக்கன் விழுந்த கட்டத்தின்மேல் ஒரு வீரனை நிறுத்திவைத்தால் அவன் எழமாட்டான். பகைவனின் இயல்பை அறிந்தவனுக்கே இவ்வழி தெரியும். வெறும் வலிமையால் இதனைக் கண்டுபிடிக்க இயலாது.

கனடா நாட்டில் மருத்துவர்கள் மூவர் முன்னின்று 1995-இல் தொடங்கிய பயோவேர் நிறுவனம் 1998 டிசம்பரில் பால்டர்ஸ் கேட் என்னும் ஆட்டத்தைத் தந்தது. அறுவர் குழு, போர் தொடர்ந்து ஓடும், ஆனால் ஒரு விசையைத் தட்டினால் காலமே நிற்கும். நிறுத்திவைத்து ஆறு பேருக்கும் அமைதியாகக் கட்டளையிட்டு மறுபடி ஓடவிடலாம். போருக்கு வெளியே எவ்விடத்திலும் ஆட்டத்தைச் சேமிக்கலாம். தோற்றால் இழப்பது சில நிமிடங்களே. எளிது, கடினம் எனப் படிநிலையைத் தேர்ந்துகொள்ளவும் வசதி இருந்தது.

விலை மலிந்ததால் போர் எளிதாயிற்றோ எனின், இல்லை. ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே, குழு ஒரு விடுதியைத் தேடிச் செல்லும். அவ்விடுதியின் படிக்கட்டில் டார்னேஷ் என்னும் மந்திரவாதி காத்திருப்பான். தன் உருவத்தைப் பலவாகப் பெருக்கிக் காட்டி, அச்ச மந்திரத்தால் குழுவைச் சிதறடித்து, தலைவனைக் கொன்றுவிடுவான். தலைவன் மாண்டால் ஆட்டம் முடிந்தது. புதிதாக ஆடவந்தோர் பலர் முதன்முதல் மாண்ட இடங்களுள் அப்படிக்கட்டும் ஒன்று. அவனை வென்றவர்கள் வலிமை சேர்த்து வென்றாரல்லர். மந்திரம் ஓதும்போது அடிபட்டால் ஓதுவது கலைந்துவிடும் என்னும் விதியை அறிந்து, வில்லாளரை முன்கூட்டியே தள்ளி நிறுத்தி, அவன் வாய்திறக்கும் போதெல்லாம் அம்பெய்தனர். 2000-ஆம் ஆண்டில் வந்த இரண்டாம் பாகத்தில் பகை மந்திரவாதிகள் காப்பு மேல் காப்பாக அணிந்து நின்றனர். எந்தக் காப்பை எந்த மந்திரம் நீக்கும் என்று அறியாதவன் வாள் பட்டும் படாததாயிற்று.

மலிந்த தோல்வி இவ்வாறு வேறொரு கல்வியைத் தந்தது. முதல் தோல்வியில் பகைவன் செய்வதைக் கவனிப்பது. இரண்டாம் தோல்வியில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து பார்ப்பது. மூன்றாவதில் பயனற்றதை விலக்குவது. இது சோதனைச் சாலையின் முறை. ஆயினும் இதற்கும் ஒரு குறை உண்டு. எதையும் மாற்றாமல், பகடை நல்லபடி விழும்வரை அதே போரை இருபது முறை நடத்துவோரும் இருந்தனர். அவர்கள் இறுதியில் வென்றனர். ஆனால் அடுத்த போரில் அவர்களிடம் புதிய அறிவு ஒன்றும் இல்லை.

கணக்கு காட்டும் உண்மை

ஆட்டங்கள் பலவாயினும், கடும்போரைக் கடந்தோர் கண்ட நெறிகள் பெரும்பாலும் ஒன்றே. அவற்றுள் ஒன்றை எளிய கணக்கால் விளக்கலாம். பகைவர் நால்வர், ஒவ்வொருவர்க்கும் பத்து உயிர்ப்புள்ளி. நம் குழு முதலில் அடிக்கும். ஒரு சுற்றில் பத்துப் புள்ளி அளவு சேதம் செய்யும். உயிரோடுள்ள பகைவன் ஒவ்வொருவனும் ஒரு சுற்றில் இரண்டு புள்ளி சேதம் செய்வான். நம் அடியை நால்வர்மீதும் சமமாகப் பரப்பினால், மூன்று சுற்றுவரை நால்வரும் உயிரோடிருந்து சுற்றுக்கு எட்டாக இருபத்துநான்கு புள்ளி சேதம் செய்வர். நான்காம் சுற்றில் யாவரும் சாவர். ஒருவன் ஒருவனாக முடித்தால், முதற்சுற்றில் மூவர் திருப்பி அடிப்பர், அடுத்து இருவர், அடுத்து ஒருவன், மொத்தம் பன்னிரண்டே. செய்த முயற்சி ஒன்றே. பட்ட சேதம் பாதி. பாதி காயப்பட்ட பகைவன் முழு வலிமையோடு அடிப்பான் என்பதை மறந்ததால் வந்த வேற்றுமை இது.

இதனோடு, அடிதாங்குபவனை முன்னிறுத்துதல், பகைவரின் மந்திரவாதியை முதலில் தடுத்தல், குறுகிய இடத்தைத் தேர்ந்து நிற்றல், சேமித்துவைத்த மருந்தையும் மந்திரச் சுருளையும் உரிய வேளையில் செலவிடுதல், காயம் ஆற்றுபவனைக் காத்தல் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். மருந்தைப் பின்னொரு நாளைக்கு என்று பூட்டிவைத்து, பை நிறைய மருந்தோடு மாண்ட குழுக்கள் எண்ணிறந்தன. இந்நெறிகளில் எதுவும் தனியொருவன் வலிமையைப் பற்றியதன்று. யாவும் யார், எப்பொழுது, எங்கு, எதைச் செய்வது என்பதைப் பற்றியவை. 2006-இல் வந்த பைனல் பாண்டசி பன்னிரண்டாம் பாகம் இதனை ஆட்டத்தின் உறுப்பாகவே ஆக்கியது. இன்ன நிலை நேர்ந்தால் இன்னது செய்க என்று ஒவ்வொருவர்க்கும் முன்கூட்டியே கட்டளைகளை வரிசையாக அமைத்துவைக்கலாம். அவ்வரிசை தவறாக இருப்பின் குழு தானாகவே தோற்கும். தவறு எங்கே என்று பட்டியலைப் பார்த்துக் கண்டுகொள்ளலாம்.

மீண்டும் வந்த பெரிய விலை

பெல்ஜிய நாட்டு லாரியன் நிறுவனம் 2023 ஆகஸ்டில் பால்டர்ஸ் கேட் மூன்றாம் பாகத்தை வெளியிட்டது. நால்வர் குழு, முறைமாறி அடிக்கும் போர், மேட்டில் நிற்பவனுக்கு மேன்மை. மூன்று படிநிலைகளுள் எதையும் தேர்ந்து ஆடலாம், எப்பொழுதும் சேமிக்கலாம். ஆனால் அதே ஆண்டு நவம்பர் இறுதியில் மற்றொரு படிநிலை சேர்க்கப்பட்டது. அதில் ஒரே ஒரு சேமிப்பு. பெரும்பகைவர்க்குப் புதிய ஆற்றல்கள். குழு முழுதும் மாண்டால் அச்சிறப்பு ஆட்டம் அத்தோடு முடிந்தது. இறுதிவரை சென்றவர்க்குப் பரிசு, திரையில் தோன்றும் பொன்னிறப் பகடை மட்டுமே. பல மணி நேர உழைப்பைப் பணயமாக வைத்து மக்கள் அதனை விரும்பி ஆடினர்.

நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் விசார்ட்ரி வைத்த விலை இவ்வாறு திரும்பி வந்தது. ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. 1981-இல் ஆப்பிள் கணினியின் முன் அமர்ந்தவன் முதல் நாளே அவ்விலையைக் கொடுக்க வேண்டியிருந்தது. அவனுக்குப் பகைவரையும் தெரியாது, விதிகளையும் தெரியாது. 2023-இல் அதனைத் தேர்ந்தவர் பெரும்பாலும் முன்னரே மலிந்த தோல்விகள் பலவற்றால் பகைவரின் இயல்பைக் கற்றவர். அவர் இப்பொழுது தம் அறிவைச் சோதிக்கவே பெரிய விலையை விரும்பி ஏற்றார்.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, தொடக்கத்தில் எழுப்பிய இரு வினாக்களும் வரிசையைப் பற்றியவையே என்பது புலனாகும். கற்கத் தொடங்குபவனுக்குத் தோல்வி மலிவாக இருக்க வேண்டும். இல்லையேல் அவன் முயன்று பார்க்க அஞ்சுவான். கற்றபின் அதற்குச் சிறிது விலையும் வேண்டும். இல்லையேல் கற்றது உறுதிப்பட்டதா என்பதை அவனே அறியான். ஆட்டங்களை அமைத்தவர்கள் இவ்வரிசையைத் தலைகீழாகத் தொடங்கி, மெல்ல மெல்ல நேராக்கினர். இன்று ஓர் இளைஞன் திரையின் முன் அமர்ந்து, அதே போரில் ஐந்தாம் முறை தோற்று நிற்கக் காண்போர், அவன் காலத்தை வீணாக்குகிறான் என்றோ அறிவை வளர்க்கிறான் என்றோ உடனே முடிவு கட்டவேண்டியதில்லை. நான்காம் முறைக்கும் ஐந்தாம் முறைக்கும் இடையே எதை மாற்றினாய் என்று ஒரு வினா கேட்டால் போதும். அதற்கு அவனிடம் விடை இருக்குமாயின், ஆறாம் முறை தோற்றாலும் அவன் கற்றுக்கொண்டிருக்கிறான்.